நீலக்கோட்டு மருந்து

"வலிக்கா?" என்று கேட்டால் அந்த வார்டில் படுத்திருக்கும் பெண் உடனே பதில் சொல்லமாட்டாள். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது யார் என்று முதலில் பார்ப்பாள். பெற்ற அம்மா இருந்தால் "உசுரே போகுது" என்பாள். மாமியார் இருந்தால் "ஒண்ணும் இல்ல, லேசா இருக்கு" என்பாள். புருஷன் நின்றால் அவன் முகத்தைப் படித்துவிட்டு அதற்கேற்ற பதிலைச் சொல்வாள். வயிறு அதே வயிறுதான், தையலும் அதே தையல்தான். ஸ்டூலில் ஆள் மாறினால் பதிலும் மாறிவிடும். கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு எந்த வலிமருந்து நன்றாக வேலை செய்கிறது என்று ஆராய வந்தவர்களுக்கு இது பெரிய தலைவலியாகப் போய்விட்டது.

அதனால்தான் பட்டை வந்தது. சாம்பல் நிறத்தில் இரண்டு பட்டைகள். ஒன்றை நோயாளியின் மணிக்கட்டில் கட்டுவார்கள், மற்றதை எப்சிபாவின் மணிக்கட்டில். அந்த உடம்பில் ஓடும் வலியின் நகல் இந்த உடம்பில் ஓடும். அதை அனுபவித்துவிட்டு, பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவே ஓர் எண்ணைச் சொல்வது எப்சிபாவின் வேலை. கருவியே அந்த எண்ணைச் சொல்லிவிடாதா என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நரம்பில் எவ்வளவு துடிப்பு ஓடுகிறது என்று கருவிக்குத் தெரியும். அது தாங்கக் கூடியதா, தாங்க முடியாததா என்பது தெரியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அரசாங்கக் காகிதங்களில் அந்த ஆளுக்கு வலி வாசிப்பாளர் என்று பெயர். வார்டில் அவளைப் பட்டை சிஸ்டர் என்றார்கள்.

எப்சிபா பல வருடங்களாக இதைச் செய்துவந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்தாள். வேலை முடிந்து பட்டையைக் கழற்றியதும் உடம்பு திடீரென்று காலியாகிவிடும். விளக்கை அணைத்த அறைபோல இருக்கும். பசிக்கிறதா என்று அவளுக்கே தெரியாது. நேரமாகிவிட்டது என்பதற்காகச் சாப்பிடுவாள். போன வருடம் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறதே என்று பல் மருத்துவரிடம் போனபோது அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, "இது வேர் வரைக்கும் சொத்தையாயிருக்கே. ராத்திரியெல்லாம் தூங்க விட்டிருக்காதே, எப்படி இருந்தீங்க?" என்றார். எப்சிபா யோசித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் தூங்கியிருந்தாள்.

இப்போது நடந்துகொண்டிருந்த ஆய்வில் இரண்டு மருந்துகள். இரண்டும் அபின் வழி வந்தவைதான். ஒன்று காலங்காலமாகக் கொடுத்துவரும் மார்ஃபின், மற்றது புதியது. குப்பிகளில் பெயர் கிடையாது, ஒன்றில் வெள்ளைக் கோடு, மற்றதில் நீலக் கோடு. எது எதுவென்று யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் பெண்கள் மூக்கைச் சொறிந்தார்கள், வாந்தி எடுத்தார்கள், தலை சுற்றுகிறது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அது பழைய மருந்து. நீலக் கோட்டுப் பெண்கள் அறுவை முடிந்த மறுநாளே எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள்.

ஆலங்குளம் பக்கத்திலிருந்து முப்பிடாதி வந்தது அந்தச் சமயத்தில்தான். நாற்பதைத் தாண்டியவள். பீடி சுற்றிச் சுற்றி விரல்நுனிகள் மெழுகுபோல வழவழத்திருந்தன. வயிற்றில் கட்டி, மாதக்கணக்கில் நிற்காத உதிரப்போக்கு. அறுவைக்கு முன்பு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை வாசிக்கவேண்டும். அதற்காக எப்சிபா பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டூலில் இருந்த மாமியார் வேலம்மாள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"இவங்களுக்கு வலிச்சா எனக்கும் தெரியும்."

"தெரியும்னா? ஒனக்கும் வலிக்குமா?"

"வலிக்கும்."

வேலம்மாள் வாயில் கைவைத்தாள். "இதுக்குச் சம்பளம் குடுக்காவளாக்கும்! எங்க வீட்ல இவ தலைவலி தலைவலின்னு கெடந்தப்பல்லாம் நாங்க சும்மாத்தானே அனுபவிச்சோம்."

முப்பிடாதி சிரிக்கவில்லை. "ஏன் அத்தை, ஒங்களுக்குக் காப்பித்தண்ணி வாங்கணும்னு சொன்னியல்லா. கேண்டீன் அடைச்சிரப் போறான்" என்றாள்.

மாமியார் போனதும் எப்சிபாவின் நெஞ்சில் ஓர் இறுக்கம் ஏறியது. பட்டை வழியாக வந்ததா, அவளுடையதா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் முப்பிடாதி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"சிஸ்டர், ஒரு போன் பண்ணணும். எம் போன்ல பண்ணுனா அத்தை பாத்துருவா."

"யாருக்கு?"

"எம் மவளுக்கு. தூத்துக்குடில இருக்கா. வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. வீட்ல எல்லாரும் தலைமுழுகிட்டாக. என்னையும் முழுகச் சொன்னாக, முழுகுனேன்." எப்சிபாவின் கையை இன்னும் இறுக்கினாள். "கொடம் கொடமா ஊத்திக்கிட்டேன் சிஸ்டர். இப்ப வயித்தைக் கிழிக்கப் போறாக. அவ கெடந்த எடத்தைத்தானே எடுக்கப் போறாக. நான் கண் முழிக்கையில அவ வரணும். வந்தா நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"அதை அவகிட்டச் சொல்லுதேன்."

அவள் அழுதாள். எப்சிபா பட்டையைக் கழற்றினாள். பிறகு மாடிப்படியருகே போய், முப்பிடாதி சொன்ன எண்ணுக்குப் பேசினாள். மறுமுனையில் இசக்கிப்பிரியா என்ற அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "ஆச்சி இருப்பாங்களே" என்றாள் கடைசியில். "மத்தியானம் சாப்பிடப் போவாங்க. அப்ப வாங்க" என்றாள் எப்சிபா. வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் இணைப்பு அறுந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. யாருக்கு எந்த மருந்து என்று போடும் குலுக்கலில் முப்பிடாதிக்கு விழுந்தது நீலக் கோடு.

மறுநாள் காலை எப்சிபா பட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டிய மாத்திரத்தில் அடிவயிறு குறுக்காகப் பிளந்தது. யாரோ உள்ளே கைவிட்டு, பிடி கிடைத்த இடத்தையெல்லாம் பற்றி இழுப்பதுபோல இருந்தது. அவள் கால்விரல்களைச் சுருட்டி, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். எட்டு. ஒருவேளை எட்டுக்கும் மேலே.

முப்பிடாதி தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கா?" என்று எப்சிபா கேட்டாள்.

முப்பிடாதி மாமியார் இருக்கிறாளா என்று பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை. "வலி இருக்கு சிஸ்டர். இருந்துட்டுப் போகுது" என்றாள். "அது பாட்டுக்கு அங்க இருக்கு. நான் பாட்டுக்கு இங்க இருக்கேன்."

"ஊசி வேணுமா?"

"எதுக்கு?"

நீலக் கோட்டுப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள். வார்த்தைதான் கொஞ்சம் மாறும். கூடுதல் ஊசி போடவேண்டுமென்றால் நோயாளி தன் வாயால் கேட்கவேண்டும் என்பது விதி. வாசிப்பாளரின் எண் ஆய்வுக்கு மட்டும்தான், சிகிச்சைக்கு இல்லை. ஆகவே எப்சிபா அந்த எட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் இருப்பவளுக்கு வேண்டாத வலியை ஸ்டூலில் இருப்பவள் முழுதாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

வேலம்மாளுக்கு ஒரே சந்தோஷம். முப்பிடாதியின் காதுபடவே, "இவ அம்மைக்காரி வீட்ல இருந்து ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல பாத்தியளா" என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னாள். முப்பிடாதி இட்லியைப் பிட்டுக்கொண்டே, "ஆமா, வரல" என்றாள். அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. வேலம்மாள் எப்சிபாவின் பக்கம் குனிந்தாள்.

"சிஸ்டர், இந்த மருந்தை வீட்டுக்கும் குடுத்து விடுவியளா? நூறு கும்பிடு போடுவேன்னு சொல்லு டாக்டரய்யாகிட்ட. இருவது வருசத்துல இவ இப்பிடி ஒரு நாளு எதுத்துப் பேசாம இருந்ததில்ல."

அன்று பிற்பகல் மயக்க மருந்து மருத்துவர் கோமதிநாயகம் எப்சிபாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. வாந்தியில் தையல் பிரிந்த பெண்களைப் பார்த்துப் பார்த்து இந்த ஆய்வுக்கு வந்தவர். மின்விசிறிக்கு அடியில் இருந்த நாற்காலியை அவளுக்குத் தள்ளிப் போட்டார்.

"முப்பிடாதிக்கு எட்டுன்னு சொல்லியிருக்கீங்க. அவங்க ரெண்டுன்னு சொல்றாங்க. நீலத்துல எல்லாருக்குமே இப்படித்தான் வருது. நான் யாரை நம்பட்டும்?"

"எனக்கு எட்டு இருந்துச்சு சார்."

"இருக்கும். நான் இல்லைன்னு சொல்லலை." அவர் மேசையில் விரலால் ஒரு கோடு போட்டார். "வலி காயத்துல இருந்து கிளம்பி மூளைக்கு வருது. அங்க ஒரு இடம் இருக்கு. 'இது எனக்கு நடக்குது'ன்னு ஒத்துக்கிற இடம். வெள்ளை மருந்து பாதி வழியிலயே வலியைக் குறைச்சிருது. நீலம் குறைக்கிறதில்லை, அந்த ஒத்துக்கிற இடத்தை மூடி வச்சிருது. வலி வந்து வாசல்ல நிக்கும். கதவு திறக்கலைன்னா நின்னுட்டுப் போயிரும். உங்க மூளையில மருந்து இல்லை. அதனால உங்க கதவு திறந்திருக்கு."

"அப்ப வலி இருக்குதானே சார்."

"யாருக்கு?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எப்சிபா சொன்னாள்: "அவங்களுக்கு வலி மட்டும் இல்லாமப் போகலை சார். வேறயும் போகுது. மாமியார் திட்டினா உறைக்கலை. நேத்து வரைக்கும் மக வரணும்னு அழுதாங்க. இன்னைக்கு மக பேச்சையே எடுக்கலை."

"மருந்தை நிறுத்தினா ரெண்டு நாள்ல எல்லாம் திரும்பி வந்துரும்."

"அந்த ரெண்டு நாள்ல நடக்கிறது திரும்பி வருமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை குழு கூடுது. உங்க எண்கள் நின்னா நீலத்தை நிறுத்தி வச்சு இன்னும் ஆராயச் சொல்லுவாங்க. நிக்கலைன்னா அடுத்த மாசமே எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிரும். அதனால உங்க வாசிப்புல ஏதாவது பழுது கிடைக்குமான்னு நாலு பேர் தேடிக்கிட்டிருக்காங்க. சேலத்துல ஒரு வாசிப்பாளர் விளையாட்டா வீட்டுக்காரர் கையில பட்டையைக் கட்டிப் பார்த்தாங்க. அவங்க வருஷம் பூரா எடுத்த எண் அத்தனையும் தள்ளிட்டாங்க. பட்டை ஒரு கைக்குப் பழகினது. இன்னொரு கைக்குப் போயிட்டா அதுக்கப்புறம் அது சொல்றதை யாரும் ஏத்துக்கமாட்டாங்க. பாத்துக்கிடுங்க."

"சரி சார்" என்று எழுந்தாள்.

"எப்சிபா," என்றார் அவர். "எனக்கும் நிச்சயமாத் தெரியலை. அதான் உங்க எண்ணு நிக்கட்டும்னு பாக்குறேன்."

மறுநாள் மத்தியானம் வேலம்மாள் கேண்டீனுக்குப் போன பிறகு இசக்கிப்பிரியா வந்தாள். சுரிதார் துப்பட்டாவை முக்காடாகப் போட்டிருந்தாள். கையில் தூத்துக்குடி மக்ரூன் டப்பா. வார்டு வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். அம்மாவைக் கண்டதும் பாதி தூரம் ஓடிவந்து, பிறகு ஓடக்கூடாதோ என்று நினைத்தவள்போல மெதுவாக நடந்தாள்.

முப்பிடாதி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா. உக்காரு."

இசக்கிப்பிரியா உட்காரவில்லை. "அம்மா" என்றாள்.

"ம்."

"எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு. கையில என்ன, மக்ரூனா? அங்க வை. எறும்பு வந்துராம மூடி வை."

இசக்கிப்பிரியா டப்பாவை வைத்தாள். மூடியை அழுத்தினாள். அழுத்திய பிறகும் கையை எடுக்கவில்லை. "நான் வந்ததுல உனக்குக் கோவமா?"

"கோவம் என்ன."

"திட்டவாச்சும் செய்யேன். ஓடிப்போன நாயேன்னு சொல்லேன். அடிக்கிறதுன்னா அடி."

முப்பிடாதி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்ப்பவள்போல. பிறகு கஞ்சியில் ஸ்பூனைவிட்டு, "எதுக்குத் திட்டணும். நீ அங்க இருக்க, நான் இங்க இருக்கேன்" என்றாள்.

எப்சிபா கட்டிலின் மறுபக்கம் பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வயிறு கிழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிப்பிரியா அவள் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே போன் பண்ணீங்க? எதுக்குக்கா பண்ணீங்க? அவருக்கு லீவு கிடைக்கலை, நான் தனியா பஸ் ஏறி வந்தேன். வழியெல்லாம் என்ன பேசணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். தலைமுழுகினது ஆச்சியும் அப்பாவும்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். அம்மாவும் முழுகிட்டாங்கன்னு போன்லயே சொல்லியிருக்கலாமே."

"அது அப்படி இல்லம்மா. மருந்து அப்படி. உங்கம்மா அழுதுதான் என்னைக் கூப்பிடச் சொன்னாங்க. இந்த மருந்துல எதுவுமே உறைக்காது. அவங்களுக்கு இப்ப வலிக்கிறதுகூட..."

"வலியா? கஞ்சி குடிக்கிறாங்க." இசக்கிப்பிரியா சிரித்தாள். கேட்க நன்றாயில்லாத சிரிப்பு. "என்னைச் சமாதானப்படுத்தாதீங்கக்கா. நான் சின்னப் பிள்ளை இல்லை. இனி வரமாட்டேன், அவ்வளவுதான். செத்தாலும் சொல்லி விடவேண்டாம்."

அவள் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பினாள். இரண்டு கட்டில்களைத் தாண்டிவிட்டாள். முப்பிடாதி ஸ்பூனில் ஒட்டிய கஞ்சியை வழித்துக்கொண்டிருந்தாள். இவள் போய்விட்டால், மருந்து தெளிந்த பிறகு அந்த அம்மா யாரை அழைப்பாள்? வெள்ளிக்கிழமை எப்சிபாவின் நினைவுக்கு வந்தது. எல்லா ஆஸ்பத்திரிகளும், எல்லா வார்டுகளும், முகம் தெரியாத அத்தனை பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். அத்தனை பேரும் தூரத்தில் இருந்தார்கள். இந்தப் பெண் வாசலை நெருங்கிவிட்டாள்.

"ஏ பிரியா, நில்லு" என்றாள் எப்சிபா.

எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். தன் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றினாள். வயிறு சட்டென்று அடங்கி உடம்பு காலியானது. அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி, கொக்கியை மாட்டினாள்.

இசக்கிப்பிரியாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கை வயிற்றைப் பிடித்தது, மறுகை கட்டில் கம்பியைத் தேடியது. முழங்கால் மடங்கி அப்படியே குந்திவிட்டாள். "அய்யோ" என்றாள், நெடுநேரம் கழித்து. "இது... இது யாருக்கு?"

"உங்கம்மாவுக்கு."

"எப்ப?"

"இப்ப. கஞ்சி குடிக்கிறாங்கன்னு சொன்னியே, அப்பவும்."

இசக்கிப்பிரியா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "இதோடயா உக்காந்திருக்க? அம்மா, இதோடயா?"

முப்பிடாதியின் ஸ்பூன் பாதியில் நின்றது. அவள் மகளைப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாகப் பார்த்தாள் என்றுதான் சொல்லவேண்டும். நெற்றியில் கோடு விழுந்தது.

"ஏளா, என்ன செய்யுது ஒனக்கு?"

"வலிக்கும்மா."

"எங்க?"

"வயித்துல."

கஞ்சிக் கிண்ணம் சாய்ந்து போர்வையில் கொட்டியது. முப்பிடாதி அதைக் கவனிக்கவில்லை. "சிஸ்டர், என்ன மாட்டி விட்டிய பிள்ளைக்கு? கழத்துங்க. மொகம் வெளுத்துப் போச்சு பாருங்க. கழத்துங்கன்னா!"

"இது உன் வலிதாம்மா" என்றாள் இசக்கிப்பிரியா. "உன் வயித்துல இருக்கிறதுதான் எனக்கு வருது."

"எனக்குன்னா இருந்துட்டுப் போகுது. ஒனக்கு எதுக்கு? கழத்து!"

"கழத்தமாட்டேன்." அவள் பட்டையை மறுகையால் பொத்திக்கொண்டாள். "எவ்வளவு நேரம் இதை வச்சிருக்கியோ அவ்வளவு நேரம் நானும் வச்சிருப்பேன்."

வேலம்மாள் வாசலில் வந்து நின்றது அப்போதுதான். கேண்டீன் வெற்றிலை வாயில் அப்படியே நின்றது. "இவ எங்க வந்தா? எவ சொல்லி விட்டா?" என்று உரக்கக் கேட்டாள். வார்டில் எல்லாக் கட்டில்களும் திரும்பின.

முப்பிடாதி மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. எப்சிபாவைத்தான் பார்த்தாள்.

"சிஸ்டர், எனக்கு வலிக்கு. நீங்க கேப்பியள்ளா, எத்தனைன்னு. எட்டு. ஒம்போதுன்னு வச்சுக்கிடுங்க. ஊசி போடுங்க. சும்மா மறக்கடிக்க ஊசி வேண்டாம். வலியை எடுக்க ஊசி போடுங்க. பிள்ளை துடிக்கா."

"இப்பத்தானே நல்லாருந்தா! என்னட்டி எட்டு ஒம்போதுன்னு ஏலம் போடுத" என்றாள் வேலம்மாள்.

"அத்தை, செத்த வாயை மூடுங்க" என்றாள் முப்பிடாதி.

சத்தம் கேட்டுக் கோமதிநாயகம் வந்தார். தரையில் குந்தியிருந்த பெண்ணையும் அவள் மணிக்கட்டையும் பார்த்தார். பிறகு எப்சிபாவின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். நீலக் கோட்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருந்த பம்பை நிறுத்தினார். வெள்ளைக் கோட்டுக் குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றி, தானே போட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். இசக்கிப்பிரியாவின் தோள்கள் மெல்ல இறங்கின.

"குறையுதும்மா" என்றாள்.

"குறையுதா" என்றாள் முப்பிடாதி. "அப்ப சரி."

நடைபாதையில் கோமதிநாயகம் எப்சிபாவுக்காக நின்றிருந்தார்.

"தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதான் சார்."

"நான் பார்க்கலைன்னு சொல்லிப் பார்க்கலாம். ஆனா வார்டே பார்த்திருக்கு."

"வேண்டாம் சார். நானே எழுதிக் குடுத்துடறேன்."

அவர் தலையாட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

இரண்டு நாள் கழித்து நீலம் முழுதும் இறங்கிப்போனபோது முப்பிடாதி மூக்கைச் சொறிந்துகொண்டே மகளை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். ஓடிப்போனதற்குத் திட்டினாள். போனவள் ஒரு போன் போடாததற்குத் திட்டினாள். மெலிந்துபோனதற்குத் திட்டினாள். இசக்கிப்பிரியா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மக்ரூன் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டும் என்றிருந்த அந்த ஒரு வார்த்தை என்னவென்று எப்சிபாவுக்குத் தெரியவில்லை. அவள் கையில் பட்டை இல்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மருந்து அறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. எப்சிபாவின் எண்களைத் தள்ளினார்கள். மீதி இருந்தவை நோயாளிகள் சொன்ன எண்கள். அவற்றின்படி நீலம் எல்லா வகையிலும் மேலானது. வாந்தி இல்லை, அரிப்பு இல்லை, சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள், வலியைப் பற்றிப் புகார் இல்லை. அடுத்த மாதம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பட்டைகளுக்கு இனி வேலை இல்லை என்று திருப்பி எடுத்துக்கொண்டார்கள். எப்சிபா அதே வார்டில் சாதாரண நர்சாக இருந்தாள்.

வார்டு அமைதியாகிவிட்டது. முன்பு மத்தியான வேளையில் சந்தைபோல இருக்கும். இப்போது மின்விசிறியின் சத்தம் கேட்டது. பெண்கள் வரிசையாகப் படுத்து ஜன்னலைப் பார்த்தார்கள். ஸ்டூல்களில் இருந்தவர்கள் நிம்மதியாகக் கோழித்தூக்கம் போட்டார்கள். வலிக்கா என்று கேட்டால் "இருக்கு, இருக்கட்டும்" என்ற பதில்தான் வந்தது. அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகவேண்டும். எப்சிபா சில நாட்கள் அப்படித்தான் போனாள்.

பிறகு ஒருநாள் அவள் கேள்வியை மாற்றினாள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாக நின்று, "இதே வலி உங்க மகளுக்கு இருந்தா ஊசி போடச் சொல்வீங்களா?" என்று கேட்டாள். முதலில் கேட்கப்பட்ட பெண் ஜன்னலிலிருந்து திரும்பினாள். நெற்றியில் அந்தக் கோடு விழுந்தது. "என்ன கேள்வி சிஸ்டர் இது, ஒடனே போடுங்க" என்றாள். எப்சிபா வெள்ளைக் கோட்டு ஊசியைப் போட்டாள். நோயாளி தன் வாயால்தானே கேட்டிருக்கிறாள். மகள் இல்லாதவளிடம் மகனைச் சொன்னாள். தங்கச்சியைச் சொன்னாள். ஒருத்திக்கு ஆட்டுக்குட்டியைச் சொல்லவேண்டியிருந்தது. கோமதிநாயகத்துக்கு இது தெரிந்தது. வெள்ளைக் கோட்டு மருந்தின் இருப்பு தீராமல் பார்த்துக்கொண்டார்.

ஐப்பசியில் மாடத்தி என்று ஒரு பெண் வந்தாள். ரேஷன் கடையில் எடை போடுபவள். கல்யாணம் ஆகாதவள், அவள் கட்டிலருகே ஸ்டூலில் யாரும் இல்லை. அறுவைக்கு மறுநாள் எப்சிபா போய் நின்றாள்.

"இதே வலி உங்க வீட்ல யாருக்காவது இருந்தா ஊசி போடச் சொல்வீங்களா?"

"எங்க வீட்ல நான்தான் இருக்கேன்."

"கூடப்பிறந்தவங்க?"

"இல்ல."

"பழகினவங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க?"

"யாரும் இல்ல சிஸ்டர். எனக்கு வலி இருக்கு, இருக்கட்டும். நீங்க அடுத்த கட்டிலைப் பாருங்க."

எப்சிபா நகரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வரும்போல இருட்டியிருந்தது. மாடத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களைத்தான் பட்டை சிஸ்டர்னு சொல்லுவாகளாம்லா? ஆயா சொன்னா. எல்லார் வலியையும் நீங்க வாங்கிக்கிடுவியளாம்."

"முன்னால."

"அப்ப நீங்க ஊசி போட்டுக்கிட்டியளா?"

"எனக்கா?" என்றாள் எப்சிபா. "நான் கேட்டதில்லை."

"ஒரு தடவைகூடவா?"

"கேட்டதில்லை."

மாடத்தி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "வலிச்சுதா?" என்றாள்.

எப்சிபா வாயைத் திறந்தாள். பதில் எங்கோ அடியிலிருந்து ஏறிவர நெடுநேரம் ஆயிற்று. மழையின் முதல் துளிகள் ஜன்னல் தகரத்தில் விழுந்தன.

"வலிச்சுது" என்றாள்.

மாடத்தியின் நெற்றியில் கோடு விழுந்தது. கையை நீட்டிப் படுக்கைமேல் வைத்தாள், ஊசி போட வாகாக.

"பொறவு எதுக்கு நின்னுக்கிட்டு இருக்கிய? போடுங்க. ஒங்களுக்கும் சேத்து எனக்குப் போடுங்க."